லண்டன் காய்கறித் தோட்டமும் ஓடில்லா நத்தைகளும்: இரண்டு பருவத்துக் கணக்கு

2024 மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை 24 லெட்டூஸ் நாற்றுகளை நட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஐந்துதான் மிச்சம். மற்றவை நின்ற இடமே தெரியவில்லை. இரண்டு மூன்று குழிகளில் மட்டும் தீக்குச்சி உயரத்துக்குத் தண்டு நின்றது. மண்மேல் குறுக்கும் நெடுக்குமாக, காய்ந்த கஞ்சி மாதிரி பளபளவென்று கோடுகள்.

ஸ்லக். ஓடு இல்லாத நத்தை. என் மகள் அதற்கு 'வழுவழு' என்று பெயர் வைத்திருக்கிறாள். வீட்டில் இப்போது எல்லோருக்கும் அதுதான் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு பருவங்களில் என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது வெறும் நம்பிக்கை என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். அதிலிருந்து எடுத்ததுதான் இது. விஷம் வைப்பதில்லை என்பது மட்டும் முதலிலேயே முடிவாகிவிட்டது. ஜீவகாருண்யம் மட்டும் காரணம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலமும் நான் செய்த இரண்டு தப்பும்

லண்டனின் வடமேற்கில் ஓர் அலாட்மென்ட். கவுன்சிலிடம் ஆண்டு வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிற துண்டு நிலத்துக்கு இங்கே அப்படிப் பெயர். முழுத் துண்டு என்றால் 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். எனக்குக் கிடைத்தது அதில் பாதி. நம் கணக்கில் மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மண், லண்டன் களிமண். மழையில் அல்வா, வெயிலில் செங்கல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில்தான் ஸ்லக்குகள் பகலைக் கழிக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2023 அக்டோபரில் சாவி கைக்கு வந்தபோது, இரண்டு வருடமாக யாரும் தொடாத நிலமாக இருந்தது. இடுப்பளவு புல், மக்கிய பலகைகள், யாரோ களைக்கு மேல் போட்டுவிட்டுப் போன பழைய கம்பளத் துண்டுகள், வேலியோரம் பிளாக்பெர்ரி முட்புதர். குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் சுத்தம் செய்தேன். ஊரில் நடவுக்கு முன்னால் வரப்பில் அண்டை வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த கை. ஓரம் ஓரமாகச் செதுக்கி, பலகையெல்லாம் அள்ளிக் குப்பைக்கு அனுப்பி, நிலத்துக்கு மொட்டை போட்டுவிட்டேன். அப்புறம் கும்பகோணத்தில் அப்பா தென்னைக்குப் போடுகிற மூடாக்கு ஞாபகம் வந்தது. வைக்கோல் வாங்கி அரை அடி கனத்துக்குப் பரப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டும் தப்பு. பலகைக்கு அடியிலும் புல்லுக்குள்ளும் இருந்தவை ஸ்லக்குகள் மட்டும் இல்லை, அவற்றைத் தின்கிற வண்டுகளும்தான். என் சுத்தத்தில் முதலில் குடிபெயர்ந்தவை வண்டுகள். ஸ்லக்குகளுக்குக் களிமண் வெடிப்பு போதும், அவை எங்கேயும் போகவில்லை. வைக்கோல் விஷயம் அதைவிட மோசம். நம் ஊரில் மூடாக்கின் பெருமையே ஈரத்தைக் காப்பாற்றுவது. இங்கே ஏப்ரலில் ஈரத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதை எப்படிப் போக்குவது என்பதுதான் கேள்வி. குளிர்ந்த ஈரக் களிமண்மேல் அரை அடி வைக்கோல் போட்டது, விருந்தாளிக்கு மெத்தை விரித்த கதை.

பழியை முழுசாக என் தலையில் போட்டுக்கொள்ளவும் முடியாது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையான 18 மாதங்கள், இங்கிலாந்தில் 1836இல் மழைப்பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு 18 மாதத்தில் பெய்த மழையிலேயே மிக அதிகம் என்று இங்கத்திய வானிலைத் துறையான மெட் ஆஃபிஸ் சொன்னது. ஸ்லக்கின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அதைக் காக்க மேலே ஓடும் கிடையாது. ஈரம் இருந்தால் உலாவும், இல்லையென்றால் மண்ணுக்குள் பதுங்கும். ஒன்றரை வருட மழை அதற்குப் பொற்காலம்.

முளைக்காத பீன்ஸ்

லெட்டூஸுக்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது, நான்தான் படிக்கத் தவறினேன். மே முதல் வாரம் 30 ரன்னர் பீன்ஸ் விதைகளை நேரடியாக மண்ணில் ஊன்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விதை மட்டம் என்று திட்டிக்கொண்டே, மறுபடி ஊன்றுவதற்காக வரிசையைக் கிளறினேன். விதைகள் நன்றாகவே முளைத்திருந்தன. வேர் இறங்கி, தண்டு கொக்கி போல வளைந்து மேலே வருகிற நேரத்தில், மண் மட்டத்துக்குக் கீழேயே குருத்தைக் கடித்து எடுத்திருந்தன. 30இல் 30.

'விதை முளைக்கவில்லை' என்று சொல்கிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, கிளறிப் பார்த்தீர்களா என்றுதான்.

டார்ச்சோடு ஓர் இரவு

எதிரியைப் பகலில் தேடிப் பயனில்லை. மே கடைசியில் இங்கே இருட்டவே இரவு பத்து மணி ஆகிவிடும். தலையில் மாட்டுகிற டார்ச்சைப் போட்டுக்கொண்டு, தூறல் விட்ட ஓர் இரவில் போனேன். நூறு வரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த இரவில்தான், இவை எல்லாம் ஒன்று இல்லை என்பது கண்ணில் பட்டது. நாற்றின்மேல் இருந்தவை பெரும்பாலும் சின்னவை: மூன்று, நான்கு சென்டிமீட்டர், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். குச்சியால் தொட்டால் பால் மாதிரி வெள்ளையாகப் பசை விடும். வயல் ஸ்லக் என்பது இதுதான், நாற்றுக்கு முதல் எதிரி. மக்கும் குப்பைக் குவியலின் மரச்சட்டத்தில் வேறு ஒன்று ஊர்ந்தது. என் கையைவிட நீளமாகத் தோன்றியது (இருட்டில் எல்லாம் பெரிதாகத் தெரியும், சாண் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்). உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி. பெயரும் லெப்பர்ட் ஸ்லக்தான். அதைப் பார்த்ததும் கை தானாக வாளிக்குப் போனது. நல்லவேளை, வீட்டுக்கு வந்து படித்த பிறகு மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அது பெரும்பாலும் தின்பது காளான், பாசி, அழுகியது. சமயத்தில் மற்ற ஸ்லக்குகளையும் தின்னும்.

பிரிட்டனில் 44 வகை ஸ்லக்குகள் உண்டு. தோட்டச் செடிகளைத் தின்பவை அவற்றில் ஒன்பதுதான் என்று ராயல் ஹார்ட்டிகல்சரல் சொசைட்டி சொல்கிறது. தோட்டக்கலையில் இந்த நாட்டின் பெரிய அமைப்பு அதுதான். 2022இல் அவர்கள், இனிமேல் ஸ்லக்கையும் நத்தையையும் 'பூச்சித் தொல்லை' என்ற பட்டியலில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தபோது இங்கே பலர் சிரித்தார்கள். 19 லெட்டூஸைப் பறிகொடுத்த சூட்டில் நானும் சிரித்திருப்பேன். மக்கும் பொருளை அரைத்து மண்ணுக்குத் திருப்பித் தருவது, பறவைக்கும் தவளைக்கும் இரையாவது என்று பெரும்பாலான ஸ்லக்குகளுக்கு வேறு பிழைப்பு இருக்கிறது. நாற்றின் இளங்குருத்து கிடைத்தால் இந்த ஒன்பது அதையும் விடாது, அவ்வளவுதான்.

முட்டை ஓடும் செம்புப் பட்டையும்

பக்கத்து நிலத்துப் பெரியவர் முப்பது வருடமாக அங்கே பயிர் செய்கிறார். என் லெட்டூஸ் பாத்தியைப் பார்த்துவிட்டு, "முட்டை ஓட்டை நொறுக்கிச் சுற்றிலும் போடுங்கள், வயிற்றைக் கிழிக்கும்" என்றார். எதிர் நிலத்து அம்மா, செம்புப் பட்டை ஒட்டினால் ஷாக் அடித்தமாதிரி திரும்பிப் போய்விடும் என்றார். அலுவலகத்தில் ஒருவர் காபித் தூள் சக்கை என்றார்.

சரி, சோதித்துவிடலாம் என்று இன்னொரு 24 நாற்று வாங்கினேன். ஆறுக்கு முட்டை ஓடு, ஆறுக்குச் செம்புப் பட்டை ஒட்டிய தொட்டி வளையம், ஆறுக்குக் காபிச் சக்கை, ஆறு சும்மா. பத்தாவது நாள் பார்த்தபோது நான்கு கூட்டமும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கடிபட்டிருந்தன. இரண்டாம் மழையிலேயே முட்டை ஓடு களிமண்ணோடு ஒட்டிச் சமதளம் ஆகிவிட்டது. அதன்மேல் ஒன்று சாவகாசமாக ஊர்ந்து போவதையும் பார்த்தேன். தன் பசையையே பாய் மாதிரி விரித்துக்கொண்டு அதன்மேல் நடக்கிற பிராணிக்கு முட்டை ஓட்டின் கூர் என்ன செய்யும்?

24 செடியை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் இதே கேள்வியை அந்தச் சொசைட்டியே பெரிதாகச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டிருக்கிறது. 108 லெட்டூஸ், ஆறு வாரம். செம்புப் பட்டை, சரளை, பைன் மரப்பட்டைத் துண்டு, கம்பளி உருண்டை, முட்டை ஓடு என்று ஐந்து தடுப்புகள். தடுப்பு வைத்த செடிக்கும் வைக்காத செடிக்கும் சேதத்தில் வித்தியாசம் இல்லை. இதைப் பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் சொன்னேன். "அவர்கள் முட்டை சரியில்லையாக இருக்கும்" என்றார். முப்பது வருட நம்பிக்கை.

உப்பும் நீல உருண்டையும்

அம்மாவிடம் போனில் சொன்னபோது உடனே தீர்ப்பு வந்தது: "ஏண்டா, ஒரு பிடி உப்பை அள்ளி வீசினா தீர்ந்தது. இதுக்கு ராத்திரி டார்ச் அடிச்சிண்டு அலையணுமா?" ஊரில் மழைக்காலத்தில் கிணற்றடியில் ஏறும் நத்தைக்கு அவள் செய்வது அதுதான். கிணற்றடி சிமென்ட்டுக்கு அது சரி. வடிகால் இல்லாத களிமண் பாத்தியில் தினம் உப்புப் போட்டால் நத்தைக்கு முன்னால் மண் போய்விடும். உவர் நிலம் என்றால் என்ன என்று டெல்டாக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டாள்.

பெரியவரின் கொட்டகையில் ஒரு பழைய டப்பா இருந்தது. நீல உருண்டைகள், மெட்டால்டிஹைடு. "எடுத்துக்கொள்ளுங்கள், இதுதான் ஒரே வழி" என்று நீட்டினார். பிரிட்டனில் அதை வெளியில் பயன்படுத்துவது 2022 வசந்தத்திலிருந்து தடை. நாய்க்கும் பறவைக்கும் முள்ளெலிக்கும் விஷம். மழையில் கரைந்து ஓடைக்குப் போனால் குடிநீர்ச் சுத்திகரிப்பில் அதைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. சட்டம் தடுக்காவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். நான் முன்னால் சொன்ன காரணம் இதுதான்: ஸ்லக்கை விஷம் வைத்துக் குறைத்தால் அதைத் தின்ன வருகிறவையும் சேர்ந்து குறையும். ஸ்லக் முட்டை மண்ணுக்குள் இருக்கிறது, ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிடும். தவளையும் வண்டும் அவ்வளவு வேகமாக வராது. அடுத்த வருடம் இன்னும் அதிக உருண்டை வேண்டியிருக்கும்.

இரும்புப் பாஸ்பேட் உருண்டை என்று இன்னொன்று கடையில் கிடைக்கிறது. இயற்கை விவசாயத்திலும் அனுமதி உண்டு. தின்ற ஸ்லக் உணவை விட்டு மண்ணுக்குள் போய்ச் சாகும். வாங்கினேன், ஆனால் பிரிக்கவில்லை. இரண்டு பருவம் எதுவும் வைக்காமல் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை.

வாத்து வளர்க்கலாமா என்றும் யோசித்தேன். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர் மந்தையை இறக்கினால், சிந்திய நெல்லோடு நத்தையும் காலி. ஆனால் அலாட்மென்ட்டில் கோழியும் முயலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறதே ஒழிய, வாத்து அதில் இல்லை. தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த மனு எழுதும் பொறுமை எனக்கு இல்லை.

பலித்த காரியங்கள்

முதலில், வைக்கோலை எடுத்தேன். செடி முழங்கால் உயரம் வந்து, ஜூன் வெயில் மண்ணைக் காயவைத்த பிறகே மறுபடி போட்டேன்.

அடுத்து, நாற்றை வளர்க்கும் முறை. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். குழித்தட்டில் இரண்டு இலை விட்டதும் நடுவதை நிறுத்தினேன். ஒன்பது சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றி, வீட்டு வாசலில் ஒரு மேசைமேல் வைத்து, ஐந்தாறு இலையும் கொஞ்சம் விறைத்த தண்டும் வந்த பிறகே பாத்திக்குக் கொண்டுபோனேன். ஸ்லக் ஒரு ராத்திரியில் தின்பதற்கு ஓர் அளவு உண்டு. இரண்டு இலை நாற்றுக்கு அந்த அளவு மரணம். ஆறு இலைச் செடிக்கு அது ஓட்டை, அவ்வளவுதான். சேதம் குறையவில்லை, அதைத் தாங்கும் வயசுக்குச் செடி வந்துவிட்டது. பீன்ஸையும் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாயில் முளைக்கவைத்து, ஒரு சாண் ஆனதும் அட்டையோடு நட்டேன்.

தண்ணீர் விடுவதைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றினேன். சாயங்காலம் நனைத்த பாத்தி இரவு முழுக்க ஈரம். காலையில் நனைத்தது இருட்டுவதற்குள் மேலாக உலர்ந்துவிடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அரை மணி முன்னதாக எழுந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

பிறகு பலகைப் பொறி. நான் தூக்கியெறிந்த அதே மாதிரிப் பலகையைக் காசு கொடுத்து வாங்கி, பாத்திகளுக்கு இடையில் போட்டேன். காலையில் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கி வாளியில் போட வேண்டியதுதான். மூலையில் சில சமயம் முட்டைக் குவியல் இருக்கும். வெந்த ஜவ்வரிசியேதான், அச்சு அசல். முதல் தடவை பார்த்த பிறகு ஒரு மாதம் வீட்டில் பாயசம் சாப்பிட முடியவில்லை. முட்டையைப் புரட்டி வெளியே போட்டுவிட்டால் போதும்; நான் நகரக் காத்திருந்ததுபோல ராபின் குருவி வந்து இறங்கும்.

பொறுக்கியதை எங்கே விடுவது? நான் மக்கும் குவியலில் கொட்டினேன், அங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது. ஓடுள்ள நத்தையை வேலிக்கு அப்பால் வீசுவதுதான் இங்கே பரவலான வழக்கம். அது வீண் வேலை என்று நிரூபித்தவர் ரூத் புரூக்ஸ் என்ற பாட்டி. பிபிசி வானொலி நடத்திய சாமானியர் அறிவியல் போட்டியில், தோட்டத்து நத்தைகள் தூக்கிப்போட்ட இடத்திலிருந்து வீடு திரும்புகின்றனவா என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரின் துணையோடு சோதித்து, 2010இல் முதல் பரிசும் வாங்கினார். திரும்புகின்றன. இருபது மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டால்தான் கொஞ்சம் நம்பலாம். வேலிக்கு அப்பால் வீசினால் பக்கத்து வீட்டுக்காரரும் திருப்பி வீசிக்கொண்டிருப்பார் என்பது தனி விஷயம்.

பியர் பொறியும் வைத்தேன். ஸ்லக்கை இழுப்பது ஈஸ்ட் வாசனை. மூன்று தயிர் டப்பாவை மண்ணோடு மட்டமாகப் புதைத்து, மலிவான பியரைப் பாதி ஊற்றினேன். காலையில் ஒரு டப்பாவில் ஏழெட்டு ஸ்லக். கூடவே கறுப்பாக மின்னும் ஒரு தரை வண்டு, செத்து மிதந்தது. எதைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேனோ அதையே கொன்றிருந்தேன். விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் நிற்க வேண்டும். ஸ்லக் ஏறி உள்ளே விழும், ஓடிவரும் வண்டு முட்டித் திரும்பிவிடும். அப்படி மாற்றிய பிறகு வண்டு விழவில்லை.

நூற்புழு

2025 ஏப்ரல் கடைசியில் நூற்புழு வாங்கினேன். ஃபாஸ்மராப்டைடிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத புழு, இந்த மண்ணிலேயே இயல்பாக இருப்பது. அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பாக்கெட்டில் விற்பது 1994இலிருந்து நடக்கிறது. ஸ்லக்கின் முதுகுப் போர்வைக்கு அடியில் நுழைந்து, தான் சுமந்து வரும் பாக்டீரியாவை உள்ளே விடும். சில நாளில் ஸ்லக் தின்பதை நிறுத்தி, வீங்கி, மண்ணுக்குள் சாகும். மற்ற பிராணிகளுக்குத் தொந்தரவு இல்லை. மண் ஐந்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஈரமாகவும் இருக்க வேண்டும். சாயங்காலத்தில் பூவாளியால் ஊற்ற வேண்டும். ஆறு வாரம் வேலை செய்யும். சின்னப் பாக்கெட் 40 சதுர மீட்டருக்கு வரும்.

ஊற்றினேன். ஊற்றாத பகுதியையும் விட்டுவைத்தேன், ஒப்பிட. அந்த வருடம் பார்த்து வானம் கையை விரித்தது: 2025 வசந்தம் பிரிட்டனில் பதிவிலேயே மிக வெப்பமானது, மிக வெயிலானது, இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கும் மேலாகக் காணாத வறண்ட வசந்தம். புழுவைக் காப்பாற்ற நான் மண்ணை நனைத்துக்கொண்டே இருந்தேன். நூற்புழு விட்ட பக்கமும் சேதம் இல்லை, விடாத பக்கமும் இல்லை. ஸ்லக்குகள் எல்லாம் களிமண் வெடிப்புக்குள் போய்ப் படுத்துவிட்டன. அந்தக் காசுக்கு என்ன பலன் கிடைத்தது என்று என் நிலம் எதுவும் சொல்லவில்லை. அந்த மே மாதம் லெட்டூஸ் அமோகமாக வந்தபோது நண்பர்கள் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். உண்மையில் பாராட்ட வேண்டியது வெயிலை.

வந்தவர்களும் வராதவர்களும்

2024 இலையுதிர் காலத்தில் மூன்று காரியம் செய்திருந்தேன். வேலியோரம் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டேன். அதற்குள் கட்டைகளை அடுக்கினேன். ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியை மண்ணில் புதைத்து மழைநீர் நிரப்பி, உள்ளே விழுந்தது ஏறி வருவதற்கு ஒரு கல் படியும் வைத்தேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் தன் குட்டையிலிருந்து ஒரு வாளி தவளை முட்டை தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். இடம் மாற்றினால் தவளை நோயும் சேர்ந்து போகும் என்று இங்கே எச்சரிக்கிறார்கள். தண்ணீர் இருந்தால் தவளைக்கு வழி தெரியும். 2025 மே மாதம் ஒன்று தானாகவே வந்தது. ஜூலையில் மூன்று.

தரை வண்டுகள் கட்டை அடுக்கில் குளிர்காலத்திலேயே குடிவந்துவிட்டன. கட்டையை நகர்த்தினால் கறுப்பாக ஓடும். ஸ்லக் முட்டையையும் குஞ்சையும் தின்பதில் இவை கெட்டி.

நான் எதிர்பார்க்காமல் வந்தவர் ஒருவர். ஆகஸ்டில் மக்கும் குவியலின் மேல் விரிப்பைத் தூக்கியபோது மகள் அலறினாள். "அப்பா, பாம்பு!" செம்பு நிறத்தில், மெருகு போட்டமாதிரி வழவழப்பாக, ஒரு முழத்துக்குக் குறைவு. எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. பாம்புக்கு இமை கிடையாது. ஸ்லோ வோர்ம் என்கிற காலில்லாப் பல்லி இனம். நம் ஊர் அரணைக்குக் காலை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. 'அரணை கடித்தால் உடனே மரணம்' என்று அந்த அப்பிராணிமேல் நாம் போட்ட பழி மாதிரி, இதையும் இங்கே பாம்பென்று நினைத்து மண்வெட்டியால் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி இது. விருப்பமான இரை, அந்தச் சின்னச் சாம்பல் ஸ்லக்கேதான். இப்போது குவியலைக் கிளறும்போது முள்கரண்டியை உபயோகிப்பதில்லை, கையால்தான்.

முள்ளெலி வரவில்லை. வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓட்டை விட்டேன், அதுதான் சிபாரிசு செய்யும் அளவு. அந்த வழியாக வந்ததாக நான் உறுதியாகப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும். ஸ்லக் என்றாலே எல்லோரும் முள்ளெலியைத்தான் சொல்வார்கள். ஆனால் அது அதிகம் தின்பது வண்டும் கம்பளிப்புழுவும் மண்புழுவும்தான், ஸ்லக் இடையிடையே. வராததில் வருத்தம் உண்டு, பயிருக்கு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

செப்டம்பர்: சரியான பரீட்சை

வறண்ட வசந்தத்தில் வந்த விளைச்சலை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால், மழை திரும்பியதும் செப்டம்பரில் ஒன்று செய்தேன். ஒரே பாத்தியில் 24 பாக் சோய் கீரை, ஒன்று விட்டு ஒன்றாக: 12 இரண்டிலைப் பருவத்தில், 12 தொட்டியில் வளர்ந்து ஆறு இலை விட்டது. தடுப்பு இல்லை, பியர் இல்லை, இரவில் பொறுக்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சின்னதில் மூன்று மிச்சம். பெரியதில் பதினொன்று, ஓட்டையோடு. ஓட்டைக் கீரை கடையில் விலைபோகாது, சட்டியில் போகும்.

2024 மே மாதத்தில் 24இல் ஐந்து. இப்போது அதே வயசு நாற்று 12இல் மூன்று. பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது தவளையும் வண்டும் ஸ்லோ வோர்மும் வந்த பிறகும், இளநாற்றை வெறுமனே வைத்தால் போய்விடுகிறது. வேட்டைக்காரர்கள் வந்ததால் சேதம் பாதியாகக் குறைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. ஒரே ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கிறது. இரவில் டார்ச் அடித்தால் முன்போல நூறு இல்லை, முப்பது நாற்பதுதான். அதில் மழை எவ்வளவு, தவளை எவ்வளவு என்று பிரிக்க இன்னும் சில பருவம் வேண்டும்.

உருளைக்கிழங்கு

இதில் மட்டும் முழுத் தோல்வி. மேரிஸ் பைப்பர் ரகம், இங்கே சிப்ஸுக்குப் பேர்போனது. அக்டோபரில் தோண்டியபோது மூன்றில் ஒரு கிழங்கில் பென்சில் நுழைகிற ஓட்டை. வெட்டினால் உள்ளே குகை. வேலை பார்த்தது வேறு ஸ்லக். முதுகு நெடுக ஒரு வரம்பு ஓடும், மண்ணுக்குள்ளேயே வாழும், ராத்திரி டார்ச்சுக்கும் பலகைக்கும் அகப்படாது. தவளைக்கும் எட்டாது. நூற்புழுவை வசந்தத்தில் வீணாக்காமல், அறுவடைக்கு ஆறேழு வாரம் முன்னால் கிழங்குப் பாத்தியில் ஊற்றியிருக்க வேண்டும். கிழங்கை அக்டோபர் வரை மண்ணில் விட்டதும் பிசகு. வெயில் குறைந்து ஈரம் ஏறிய பிறகுதான் அவை கிழங்கில் அதிகம் இறங்குகின்றன. ரகமும் ஒரு காரணம். மேரிஸ் பைப்பர் ஸ்லக்குக்கு ரொம்பப் பிடித்தமானது. கெஸ்ட்ரல் மாதிரி சில ரகங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

கெஸ்ட்ரல் விதைக்கிழங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசிக்குள் தோண்டிவிட வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதியாயிற்று. போன வாரம் பக்கத்து நிலத்துப் பெரியவர் அந்த நீல உருண்டை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, நீங்கள் கவுன்சிலின் ரசாயனக் குப்பை மையத்துக்குப் போகும்போது இதையும் கொடுத்துவிடுங்கள் என்றார். முட்டை ஓட்டை மட்டும் இன்னும் விடவில்லை.